இவருக்கு எடுத்த டைவிங் சூட்

டிசம்பர் 5, வியாழன்

விடியலிலிருந்து வாடைக்காத்து. கொடியில போட்ட உடுப்பு ஒண்டும் காயல்ல. ஸைனப்புக்கு மூக்கு ஒழுகுது, நேசரிக்கு அனுப்பல்ல. பாண் முடிஞ்சு. மாமிட பிரஷர் குளிசையும் முடியப் போகுது.

டைவிங் சென்டர் பொஸ் கொழும்பிலிருந்து கோல். வெள்ளைக்காரங்க வரத் தொடங்கிட்டாங்க, ஸ்டோர்ல இருக்கிற டைவிங் சூட் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்து, கிழிஞ்சதை ஒதுக்கி, சைஸ்படி கொழுவி வைக்கட்டாம். "அப்பிடியே ரிஸ்விக்கும் நல்லதா ஒண்டு பார்த்து எடுங்க. போன வருசம் அவர் போட்டது நாய் கடிச்ச மாதிரி இருந்திச்சு."

ஓம் எண்டேன். வேற என்ன சொல்ல.

பொஸ்ஸுக்குத் தெரியாது. ஏப்ரல்ல இவர் படுத்துக் கிடந்தது முதுகுப் பிடிப்பால எண்டுதான் இன்னும் நினைச்சிட்டிருக்கார். இவர் அப்பிடித்தான் சொன்னார். நான் பக்கத்தில நிண்டேன், திருத்தல்ல.

கற்பிட்டியில இதுக்குச் சொல்றது காத்து அடிச்சது எண்டு. வேற ஆக்கள்ட போட் நங்கூரம் கல்லுல மாட்டிட்டுது, அதை எடுக்கத் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய் இடையில நிக்காம கெதியா மேல வந்தார். முள்ளந்தண்டுக்குள்ள காத்துக் குமிழி நிண்டுட்டுது. கரைக்குக் கொண்டு வரக்குள்ள ரெண்டு காலிலயும் உணர்வே இல்ல. குமிழியக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வேன்ல கொண்டு போகக்குள்ள நான் பின்னுக்கு இருந்து கால் பெருவிரலைக் கிள்ளிக்கொண்டே போனேன். வலது கால் முழுசா வந்திச்சு. இடது முக்கால்வாசி.

டொக்டர் சொன்னது ரெண்டு விசயம். இனிக் கடலுக்குள்ள இறங்க வேணாம். கேட்காம இறங்கினாலும் குளிர் படக்கூடாது.

இவருக்கு ரெண்டாவது மட்டும்தான் கேட்டிச்சு.

டிசம்பர் 6, வெள்ளி

சென்டருக்கு வாற இங்கிலீஷ் மெசேஜுக்குப் பதில் எழுதுறது நான்தான். இண்டைக்கு ஹொலண்ட்ல இருந்து ஒரு அம்மா. கிறிஸ்மஸ் லீவுக்குப் புருசனோட வாறாவாம். மெசேஜுக்கு மேல மெசேஜ். கடல் எத்தினை டிகிரி? மூண்டு மில்லித் தடிப்புச் சூட்டா அஞ்சு மில்லியா? தலைக்கு ஹூட் வேணுமா? கையுறை? கறுப்பா நீலமா வாங்கிறது, மீனுக்கு எந்த நிறம் பயமில்ல?

நான் எழுதினது:
– தண்ணி சூடுதான். ஒருதரம் இறங்கிறதுக்கு மூண்டு மில்லி காணும்.
– ஒரே நாளில ரெண்டு மூண்டு தரம் இறங்கிறதெண்டா, இல்லாட்டி குளிர் பிடிக்கிற உடம்பெண்டா, அஞ்சு மில்லி.
– தண்ணிக்குள்ள விட, ஈரத்தோட போட்ல திரும்பி வரக்குள்ளதான் சரியான குளிர். காத்துக்கு ஒரு ஜக்கெட்.
– சூட் இறுக்கமா இருக்கணும். உள்ளுக்குப் போற கொஞ்சத் தண்ணியத்தான் உடம்பு சூடாக்கி வைச்சிருக்கும். லூசா இருந்தா அந்தத் தண்ணி போய்ப் போய் வரும், போட்டும் போடாத மாதிரி.
– நிறம் உங்கட விருப்பம்.

"நீங்க எவ்வளவு அனுபவமான ஆள்!" எண்டு பதில், பூப் படம் போட்டு. நான் ஒருநாளும் கடலுக்குள்ள தலைய வைச்சதில்ல. கம்பஸ்ல படிச்சது பொருளியல். எல்லாம் வாசிச்சு வாசிச்சு வந்தது.

ஜும்ஆ முடிஞ்சு வந்து சாப்பிடக்குள்ள இவரே கேட்டார்.
"பொஸ் கோல் எடுத்தாரா?"
"ஓம்."
"என்னவாம்?"
"உங்களுக்கு சூட் எடுக்கட்டாம்."
"எடுங்களே."
"டொக்டர் சொன்னது..."
"குளிர் படக்கூடாது எண்டுதானே சொன்னார்? சூட் போட்டா குளிராது. கதை முடிஞ்சு."
"கரையில வேலை கேட்டுப் பார்ப்பமே. டாங்கிக்குக் காத்து அடிக்கிறது, எஞ்சின் பார்க்கிறது..."
"கரையில நிண்டு எனக்கு என்ன தெரியும் புள்ள? சொல்லுங்க பாப்பம். என்ன தெரியும் எனக்கு?"

மாமி கறிச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா. ஸைனப் மட்டும், "வாப்பாக்கு மீன் தெரியும்." எல்லாரும் சிரிச்சம். நானும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஸ்டோர். சாவி துருப் பிடிச்சு. உள்ளுக்கு எலி மூத்திரமும் பழைய ரப்பரும் சேர்ந்த நாத்தம். மாமியும் ஸைனப்பும் கூட வந்தாங்க. ஸைனப் ஒரு சூட்டக் கட்டிப் பிடிச்சு, "இந்த மாமாக்குத் தலை இல்ல."

எனக்கு விடிய விடிய இதே யோசனைதான். மூண்டு மில்லியா, அஞ்சு மில்லியா.

மூண்டு மில்லி எண்டா லேசு, இடுப்பில கட்டுற ஈயமும் குறைவு. ஆனா லீவுக்கு வாறவங்க ஒருதரம் ரெண்டுதரம் இறங்கிறாங்க, இவர் கைட், நாள் முழுக்க. ஆக்கள் மீன் பார்த்து முடியும்வரைக்கும் அசையாம நிக்கணும். குளிரும்.

அஞ்சு மில்லி எண்டா சூடு. ஆனா தடிச்ச சூட் மிதக்கும், கீழ போறதுக்கு ஈயம் கூடக் கட்டணும். கட்டுறது அதே இடுப்பில, அதே முள்ளந்தண்டுக்கு மேல.

எதை எடுத்தாலும் ஒரு பக்கம் இவர்ட உடம்புதான்.

அஞ்சு மில்லியில நல்லது ரெண்டுதான் இருந்திச்சு. ஒண்டு மீடியம், முழங்கால்ல ஒட்டுப் போட்டது. மற்றது லார்ஜ், புதுசு மாதிரி, ஆரோ வெள்ளைக்காரர் விட்டுட்டுப் போனது. இவர் வந்து போட்டுப் பார்த்தாத்தானே. எஞ்சினுக்கு எண்ணெய் மாத்திறாராம், "நீங்களே பார்த்து எடுங்க."

மாமி லார்ஜைப் பிடிச்சு நீட்டிப் பார்த்தா. "இதையே எடு மகள். உள்ளுக்கு ஒரு பெனியனும் போடலாம். ஆளும் இன்னும் உடம்பு வைக்கணுமே, பழைய மாதிரி."

லார்ஜ்தான் எடுத்தேன். பெருநாளுக்கு எடுக்கிற மாதிரி. இந்த வீட்டில ஒருத்தருக்கும் சரியான சைஸில உடுப்பு எடுத்ததா ஞாபகம் இல்ல. ஸைனப்ட சட்டை எல்லாம் அடுத்த வருசத்துக்கு. இவருக்குக் கலியாணத்துக்கு எடுத்த சேர்ட்டும் ஒரு சைஸ் கூட, பிறகு நிறைஞ்சு வந்தார்.

ஹூடும் ஒண்டு எடுத்து வைச்சேன்.

டிசம்பர் 11, புதன்

இவர் இண்டைக்கு இறங்கினார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தரம்.

நானும் கரைக்குப் போனேன், ஸைனப்ப இடுப்பில வைச்சுக்கொண்டு. ஹூடைப் பார்த்ததும் போட்காரப் பொடியன்மார் விடல்ல.
"ரிஸ்வி நானா, பென்குயின் பிடிக்கவா போறீங்க?"
"அதில்லடா, அவருக்குப் பொஞ்சாதி தொப்பி தைச்சுக் குடுத்திருக்கா."
இவரும் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டே ஹூடக் கழற்றி என்ட கையில தந்தார்.

போட் போன பிறகு என்ன செய்றதெண்டு தெரியல்ல. வீட்டுக்கு வந்து பருப்பு அடுப்பில வைச்சு அடிப்பிடிச்சு. திரும்ப வைச்சு. யாஸீன் ஓத இருந்தா ஒரே வரியத் திரும்பத் திரும்ப.

வந்தார். அல்ஹம்துலில்லாஹ். நடந்துதான் வந்தார். உதடு மட்டும் நாவல்பழம் திண்ட மாதிரி.
"குளிரா?"
"இல்ல இல்ல. காத்து."

சுடுதண்ணி வைச்சுக் குடுத்தேன். கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சார்.

டிசம்பர் 12, வியாழன்

மழை. ஆனாலும் போனாங்க.

சூட்ட நல்லதண்ணியில அலசிக் காயப் போடக்குள்ளதான் பார்த்தேன். கழுத்துக்குள்ள என்ட கை முழுசா போகுது. உள்ளுக்கு விரிச்சும் பார்க்கலாம்.

ஹொலண்ட் அம்மாக்கு எழுதினது நான். ஜெர்மன்காரருக்கு எழுதினது நான். கொரியாவில இருந்து கேட்ட ஒரு பிள்ளைக்கு, "கண்ணாடி முன்னுக்கு நிண்டு முதுகுல கிள்ளிப் பாருங்க, துணி கையில வந்தா சைஸ் பெருசு" எண்டு விளக்கமா எழுதினதும் நான். இங்கிலீஷில எல்லாம் தெரியுது. சொந்தப் புருசனுக்கு எண்டு வரக்குள்ள மாமியோட நிண்டு, உடம்பு வைப்பார் எண்டு பெருசா எடுத்திருக்கேன்.

நான் எடுத்தது ஏப்ரலுக்கு முந்தின ஆளுக்கு. அந்த ஆள் இப்ப இல்லையே. கதிரையில இருக்கக்குள்ள தோள் எலும்பு சேர்ட்டுக்கு மேலால தெரியுது. ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், பார்த்தும் லார்ஜ்.

ஓடிப்போய் ஸ்டோரத் திறந்தேன். மீடியம் இல்ல. மற்ற கைட் எடுத்துட்டுப் போய்ட்டாராம்.

இவருக்குச் சொன்னேன். "பரவாயில்ல புள்ள, கொஞ்சம் தண்ணி வருது, அவ்வளவுதான்." அப்ப இவருக்கு முதலே தெரியும். நான் எடுத்தது எண்டதால சொல்லாம இருந்திருக்கார்.



டிசம்பர் 16, திங்கள்

பாலாவி டவுனுக்குப் போனேன். மாமிட குளிசை, ஸைனப்ட பாணி மருந்து, மெழுகுதிரி, சூட்.

தையல்கடையில முடியாதெண்டாங்க, ஊசி முறியுமாம். கடைசியா சந்தியில த்ரீவீல் சீற் தைக்கிற குஷன் கடை. மன்னார்ப் பக்கத்து அண்ணன் ஒருத்தர். சூட்டத் தூக்கிப் பிடிச்சு இஞ்சால அங்கால பார்த்தார்.
"இது என்ன தங்கச்சி, ஆளா சீற்றா?"
"எங்கட ஆள் கடலுக்குள்ள போடுறது. ரெண்டு பக்கமும் பிடிக்கணும்."
"உள்ளுக்கு என்ன, பஞ்சா?"
"ரப்பர்."
"ரப்பருக்கு ஊசி போட்டா ஓட்டை. ஓட்டையால தண்ணி வரும். வந்தா பிறகு என்னை ஏசப்பிடாது."
"மேலால பசை பூசலாம் எண்டு வாசிச்சேன்."
"வாசிச்சீங்களோ! அப்ப நீங்களே தைச்சிருக்கலாமே." பக்கத்தில நிண்ட லொறி டிரைவர் சிரிச்சார். "அண்ணே, பின்னால நம்பர் பிளேட்டும் அடிச்சுக் குடுங்க."

ஆனா தைச்சார். நான் கொண்டு போன இவர்ட இப்பத்தைய சேர்ட்ட வைச்சு அளந்தார். சோக்கட்டியால கோடு போடக்குள்ள, "இவ்வளவு மெலிஞ்ச ஆளா?" எண்டு கேட்டார். எனக்கு அழுகை வந்திட்டுது. சீமெந்து லொறித் தூசி எண்டு கண்ணத் துடைச்சேன்.

டிசம்பர் 18, புதன்

காத்து குறைவு. உதடு நீலமில்ல.

"எப்பிடி?" எண்டேன். "சும்மா சொல்லக் கூடாது, த்ரீவீல்ல போற மாதிரி இருக்கு" எண்டார். மாமி சிரிச்சுச் சிரிச்சு இருமிட்டா.

இவர் குளிச்சிட்டு வந்து ஸைனப்ப முதுகுல ஏத்திக்கொண்டு வீட்டுக்கு முன்னால முத்தம் முழுக்கச் சுத்தினார். இடது காலை இழுக்கிறாரா எண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். மணல்ல அடையாளம் தெரியல்ல, கோழி நடந்து கிளறிட்டுது.

சரியாகும்போல. எழுதவே பயமா இருக்கு.

டிசம்பர் 20, வெள்ளி

இல்ல. சரியாகல்ல.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி. இவர் குசினி வாசல்ல நிண்டு மாமியோட கதைச்சிட்டிருந்தார், ஹொலண்ட்காரங்க நாளைக்கு வாறாங்க, கடலுக்குள்ள எந்தப் பாறைப் பாருக்குக் கூட்டிட்டுப் போறதெண்டு. நான் பிளேன்டீக்குத் தண்ணி இறக்கினேன். பிடிதுணி வழுக்கிட்டுது. கேத்தல் சரிஞ்சு கொதிதண்ணி இவர்ட இடது கால்ல.

கதை நிக்கல்ல. "வடக்குப் பக்கம் நீரோட்டம் கூட உம்மா, தெக்கால போனாத்தான்..."

மாமிதான் கத்தினது. அதுக்குப் பிறகுதான் குனிஞ்சு பார்த்தார். பார்த்த பிறகு "ஸ்ஸ்" எண்டார். எங்களுக்காகச் சொன்னது.

பாதம் முழுக்கச் சிவந்து, பிறகு கொப்பளம். நான் மருந்து பூசினேன். அவர் முகட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எவ்வளவு நாளா இப்பிடி?"
மருந்து மூடியத் திருகித் திருகி மூடினார். நான் திரும்பக் கேட்டேன்.
"மச்சான். எவ்வளவு நாளா?"
"சூட் லூசாகி குளிர் பட்டதில வந்தது. இப்ப சரியாகிட்டு வருது."

என்ட சூட். வேணுமெண்டு சொன்னாரோ, வாய்தவறி வந்துட்டுதோ. எப்பிடியோ, எனக்குக் குத்த அது காணும்.

"நாளைக்கு இந்தக் காலோட?"
"பூட்ஸ் போட்டா தெரியாது."

டிசம்பர் 21, சனி

சுபஹுக்குப் பிறகு பொஸ்ஸுக்கு எழுதினேன். அழுத்த அறை, ரெண்டு காலும் போனது, டொக்டர் சொன்ன முதல் விசயம், நேத்துக் கொதிதண்ணி. எல்லாம். மூண்டு தரம் அழிச்சு எழுதி அனுப்பினேன்.

ஹொலண்ட் அம்மாவையும் யோசிச்சேன். நீலச் சூட்தான் வாங்கியிருக்கா, படம் அனுப்பினா, புருசனும் அவவும் அவங்கட வீட்டு ஹோலுக்குள்ள போட்டுக்கொண்டு நிக்கிறாங்க. கடலுக்கு அடியில அவங்களுக்கு ஏதும் எண்டா பிடிச்சு மேல கொண்டு வர வேண்டிய ஆள் இவர். கொதிதண்ணி தெரியாத காலோட.

பொஸ் உடனே எடுத்தார். ஏசல்ல. ஏசியிருந்தா நல்லம். "சொன்னது நல்லது. ரிஸ்வி இனி இறங்க வேணாம். கரையில வேலை குடுக்கிறேன், சம்பளத்தப் பத்தி யோசிக்க வேணாம் எண்டு சொல்லுங்க."

சொல்லத் தேவைப்படல்ல. இவர் அதுக்குள்ள கரைக்குப் போய்ட்டார். போட்ல ஏறி இருந்தவரைப் பொஸ் சொல்லி எல்லாருக்கும் முன்னுக்கு இறக்கியிருக்காங்க.

வந்து சூட்ட முத்தத்தில போட்டுட்டு உள்ளுக்குப் போனார். என்னைப் பார்க்கல்ல.

டிசம்பர் 22, ஞாயிறு

கதைக்கிறாரில்ல.

"வாப்பா சொல்லச் சொன்னார், சோறு போடட்டாம்." ஸைனப்.
"வாப்பாட்டச் சொல்லுங்க, மீன் பொரிச்சிட்டு இருக்கேன் எண்டு."
ஓடிப் போய், ஓடி வந்து, "வாப்பா மீன் வேணாமாம்."
அவளுக்கு இது விளையாட்டு.

கொப்பளம் உடைஞ்சு. மருந்து பூசப் போனா காலை இழுத்துக்கொள்றார். காலை இழுக்க மட்டும் தெரியுது.

மாமியும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாவில்ல. குசினிக்குள்ள சுவருக்குச் சொல்ற மாதிரி: "வீட்டு விசயம் வீட்டோட இருக்கணும்."

டிசம்பர் 25, புதன்

பெரிய மழை. கரண்ட் இல்ல. ஹொலண்ட் அம்மா மெசேஜ், மற்ற கைட்டோட போனாங்களாம், ஆமை கண்டாங்களாம், குளிரே இல்லையாம், நன்றியாம்.

பொஸ் ரெண்டு தரம் இவருக்குக் கோல் எடுத்தார். இவர் எடுக்கல்ல. கரை வேலைக்குப் போகல்ல. மதிலுக்குப் பக்கத்தில கதிரையப் போட்டுக் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கார். மழை தூறுது, உள்ளுக்கு வாங்க எண்டு சொல்ல எனக்கு வாய் இல்ல.

நான் நல்லதுதானே செஞ்சேன். ஆராவது ஓம் எண்டு சொன்னாக் காணும்.

டிசம்பர் 27, வெள்ளி

நஸார் நானா வந்து மதிலுக்கு அங்கால நிண்டு கதைச்சிட்டுப் போனார். நஸார் நானாட போட் அட்டைக்குப் போற போட். ராவில லைட் பிடிச்சுக் கடலட்டை பொறுக்கிறது. கலியாணத்துக்கு முந்தி இவரும் அதிலதான். வெள்ளைக்காரங்களக் கூட்டிட்டுப் போற ஆழம் இல்ல அது, ரெண்டு மடங்கு. மேல வரக்குள்ள இடையில நிண்டு வரணும் எண்டு ஒருத்தரும் பார்க்கிறதில்ல, நிரப்பின பையோட நேரா மேல. சூட் இல்ல. டீசேர்ட்டும் பழைய டெனிமும்.

ஜன்னலால கேட்டிச்சு.
"பொஞ்சாதி விடுவாவா?"
"அவட்ட ஆரு கேட்டது."
"கால்?"
"தண்ணிக்குள்ள கால் என்னத்துக்கு நானா? நடக்கவா போறேன்?"
ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

பொஸ்ட போட்ல எண்டா ஆழம் குறைவு. பக்கத்தில ஆக்கள். ஒட்சிசன் டாங்கி ஒண்டு எப்பவும் இருக்கும். சூட் இருந்திச்சு. அதெல்லாத்திலயும் இருந்து இவரை இறக்கினது நான்.

மாமிட்டச் சொன்னேன், தடுங்க மாமி, உங்கட சொல் கேட்பார். தொழுகை முஸல்லாவ மடிச்சுக்கொண்டே சொன்னா, "கேட்ட காலம் போய்ட்டுது மகள்." மகள் எண்டது நான் பொஸ்ஸுக்கு எழுதின அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான்.

டிசம்பர் 28, சனி

மழை விட்டிருக்கு. காத்தும் இல்ல. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி. இண்டைக்கு எண்டு பார்த்து.

கால்ல விழுந்தும் பார்த்தேன். உண்மையா. குசினி நிலத்தில. காலைக் கவனமா எடுத்து என்னத் தாண்டிப் போனார்.

அசருக்குப் பிறகு நஸார் நானா வாசல்ல. "இன்னும் ரெடியில்லையா மாப்பிள்ள? மாப்பிள்ள ஊர்வலமா போறம்?"

நான் அறைக்குள்ள போய் சூட்ட எடுத்துட்டு வந்தேன். போகாதீங்க எண்டு சொல்லத்தான் வாயத் திறந்தேன். வந்தது வேற.
"இதையாவது போட்டுட்டுப் போங்க."

பார்த்தார். ஒரு கிழமைக்குப் பிறகு என்ட முகத்தப் பார்த்தார்.
"அது பொஸ்ட சாமான்."
"கேட்டா நான் பதில் சொல்றேன்."

கதிரையில இருந்து போட்டார். வலது கால் தானாப் போனது. இடது காலை ரெண்டு கையாலயும் தூக்கி உள்ளுக்கு விட்டார். கொப்பளம் காயாத இடத்தில ரப்பர் உரஞ்சிக்கொண்டு போனது, முகத்தில ஒண்டும் இல்ல. கை ரெண்டும் மாட்டினார். சிப் முதுகுப் பக்கம். அதை இழுக்கிற நாடாவக் குஷன் கடையில வெட்டிட்டாங்க, அவர் கை எட்டல்ல. ஒருதரம் எட்டிப் பார்த்தார், ரெண்டாந்தரமும். வாசல்ல நஸார் நானா விசில்.

எழும்பி எனக்கு முதுகக் காட்டி நிண்டார். 

பெனியனுக்கு மேலால முள்ளந்தண்டு ஒவ்வொரு எலும்பாத் தெரிஞ்சிச்சு. நான் சிப்பை இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் இழுத்து மூடினேன்.